காற்றில் காயும் தட்டு

கேப் டவுனிலிருந்து நைரோபிவரை பல நாட்டுப் பயணிகளோடு லாரியில் சுற்றுலா. கழுவிய தட்டைத் துடைக்கத் துணி கிடையாது, காற்றில் வீசித்தான் உலர்த்த வேண்டும். லாரிச் சட்டம் அது. ஜாம்பியாவில்தான் வடிவு அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்த்தாள். வீட்டில் முப்பது வருஷமாகத் தின்ற தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோகும் அவள் கணவர் தில்லைநாயகம், உடன்பயணி டச்சுக்காரி மரீகா கழுவித் தந்த தட்டுகளை இரண்டு கையாலும் சாமரமாக வீசிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"மதினி, அந்தா யானை! பாக்க வரலியா?" என்று கூட வந்திருந்த நாத்தனார் கூவினாள்.

"நீ போ தாயி. நான் உங்கண்ணனப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

வடிவு தன் தட்டைக் கழுவி, சொட்டச் சொட்ட அவர் முன்னால் நீட்டினாள். "இதையும் வீசுங்க."

கையிலிருப்பதில் எதைக் கீழே வைப்பதென்று மனுஷர் மரீகாவையும் வடிவையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய கையை வடிவு மடக்கவில்லை. அடித்த வெயிலில் தட்டு தானாகவே காயத் தொடங்கியது.