பங்காளி

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்துபோனதால், செங்கோடனுக்கு டீ டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. மகள் நறுமுகையைக் கட்டிக்கொள்ளப்போகும் யுகேந்திரன் தன் தோலில் கொஞ்சம் கொடுத்தான். ஆய்வகத்தில் அதன் மரபணுக்களை ஒவ்வொன்றாக விழிக்கவைத்து, டோபமைன் செல்களாக வளர்த்து, வருங்கால மாமனார் தலைக்குள் வைத்தார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் தாய்மாமன் எழுந்தார். "மாப்பிள்ளையோட செல்லு மச்சான் மண்டைக்குள்ள குடியிருக்குது. அப்ப ரெண்டு பேரும் பங்காளிங்க. புள்ளைக்கு அவரு சித்தப்பன் முறையாகுதுங்க."

சபையிலிருந்த பெரியவர்கள் ஆமென்று தலையாட்டினார்கள்.

"அவரு குடுத்ததாலதானப்பா உங்களுக்கு நடுக்கம் நின்னுச்சு?" என்றாள் நறுமுகை.

"அதுதான் கண்ணு வில்லங்கமே."

செங்கோடன் தாம்பூலத் தட்டை எடுத்து யுகேந்திரனின் அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். தட்டு விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு பாக்குகூட உருளவில்லை.