இடது ஓரம்

ஆடித்தபசுத் திருவிழா அன்று எடுத்த படத்தைக் குரூப்பில் போட்டுவிட்டு, மகாராஜன் பாத்திரக்கடைக் கல்லாவில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். குடத்துக்கு விலை சொல்லும்போதுகூட ஒரு கண் போனில்தான் இருந்தது.

சங்கரன்கோவிலில் ஆசைக்குக் கேமரா வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குரூப் அது. ஜவுளிக்கடை வெள்ளத்துரை அட்மின். ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு படம் போடுவார்கள், மற்றவர்கள் பாராட்டுவார்கள். முக்கால்வாசிப் பேர் வியாபாரிகள் என்பதால், வாங்கிய பாராட்டை யாரும் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை.

மகாராஜன் படத்துக்கு மளமளவென்று ஹார்ட் விழுந்தது. ‘அருமை அண்ணாச்சி’ என்றார்கள். ‘அம்பாள நேர்ல பாத்த மாதிரி இருக்கு’ என்றார் வெள்ளத்துரை. மகாராஜனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைசியில் வந்தது இசக்கிசெல்வியின் பதில்.

“இடது ஓரத்துல பாதிப் போலீஸ்காரர் நிக்காரு அண்ணாச்சி. எடுக்கும்போது தெரியலையா?”

மகாராஜன் முகம் சுண்டிப்போனது. இது முதல் தடவை இல்லை. புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் படத்தில் இடது ஓரமாக ஒரு லோடு ஆட்டோ மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. சிவகிரி மலைப் படத்தில் கரண்ட் கம்பம். ஒவ்வொரு தடவையும் இதே கேள்வியைக் கேட்டாள். எடுக்கும்போது தெரியலையா?

எடுக்கும்போது சுத்தமாகத்தான் இருக்கிறது, அவள் சொன்ன பிறகு பார்த்தால் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. எப்படி என்று அவருக்கே விளங்கவில்லை. அதற்காக நாலு பேர் முன்னால் கேட்பதா? மற்றவர்கள் படத்தில் ஆயிரம் கோளாறு இருந்தாலும் இசக்கிசெல்வி வாய் திறக்கமாட்டாள். மகாராஜன் படம் என்றால் மட்டும் வந்துவிடுவாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னதாக ஒரு பேன்சி ஸ்டோர், நேற்று வாங்கிய கேமரா, அதற்கே இவ்வளவு திமிர் என்று அவர் பொருமினார்.

உடனே வெள்ளத்துரைக்குப் போன் போட்டார்.

“வே, அந்தப் பொம்பளய குரூப்ப விட்டு எடுத்துரும். இல்லன்னா நான் வெளிய போயிருதேன்.”

வெள்ளத்துரைக்கு வம்பு ஆகாது. என்ன ஏதென்று கேட்காமல் எடுத்துவிட்டார்.

மறுநாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் இசக்கிசெல்வி படியேறி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மகாராஜன் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளோ நிதானமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சம்பந்தமே இல்லாமல் ஒன்று கேட்டாள்.

“கேமராவ எந்தக் கண்ணுல வச்சு எடுக்கிய அண்ணாச்சி?”

“வலது கண்ணுலதான். அதுக்கென்ன இப்போ?”

“இடது கண்ணப் பொத்திக்கிட்டு, நேரா அந்த அண்டாவப் பாருங்க. முகத்தத் திருப்பாதிய.”

என்னதான் செய்கிறாள், பார்த்துவிடுவோம் என்று அவரும் பொத்திக்கொண்டு பார்த்தார். எதிர்த் தட்டில் பித்தளை அண்டா பளபளவென்று தெரிந்தது.

“இடப்பக்கம் என் கை தெரியுதா?”

“கையக் காட்டினாத்தானம்மா தெரியும்.”

“ஆட்டிக்கிட்டுதான் அண்ணாச்சி இருக்கேன்.”

மகாராஜன் பொத்திய கையை எடுத்தார். முகத்துக்கு இடப்பக்கம், எட்டித் தொட்டுவிடும் தூரத்தில், அவள் கை ஆடிக்கொண்டிருந்தது. மறுபடியும் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தார், கையைக் காணோம்.

அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். மூக்குப் பக்க ஓரத்தில் இருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ரெண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று மறைத்துவிடும், ஆளுக்கே தெரியாது. தெரிந்தபோது அப்பாவுக்கு எல்லாம் முடிந்திருந்தது.

“அப்போ முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“எனக்கு மட்டும் நிச்சயமா தெரியுமா அண்ணாச்சி? குரூப்புல போயி ஒங்களுக்குக் கண்ணு சரியில்லன்னு சொல்ல முடியுமா? எடுக்கும்போது தெரியலையான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு தடவையாச்சும் ஆமா, தெரியலன்னு சொல்லுவியன்னு பாத்தேன். நேத்து என்னைய வெளியேத்தினதும் இனி கேக்கவும் வழியில்லைன்னு நேர்லயே வந்துட்டேன்.”

அன்றைக்கே கடையைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். கண் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு தேய்ந்திருக்கிறது. வலது கண்ணில் போன பார்வை போனதுதான், திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம். இடது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம், அது பிழைத்தது. போன வருஷமே வந்திருந்தால் வலது கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தபடியே வெள்ளத்துரையைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“செல்விய மறுபடியும் சேத்துரும் வே. அவ ஒருத்திதான் என் படத்த ஒழுங்காப் பாத்திருக்கா. நீங்க யாரும் பாக்கவே இல்ல.”

வெள்ளத்துரை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“நாங்களும் பாத்தோம் அண்ணாச்சி. ஒரு வருசமா ஒங்க படத்துல இடது ஓரம் கெட்டுத்தான் கெடக்கு. சொன்னா மனசு சங்கடப்படுவியளேன்னுதான் எல்லாரும் ஹார்ட் போட்டோம்.”