டிரெஸ்லர் வீட்டு மருமகள்

காபிக் கோப்பைக்காக டெலியா கையை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. தோளுக்குச் சற்றுக் கீழே, கத்தரிப்பூ நிறத்தில் கன்றிப்போன ஒரு தடம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் நின்றிருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். ஏதோ முணுமுணுத்தார்கள். அவள் மாமனார் ஆகஸ்ட் டிரெஸ்லர் அருகே வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"டெர்பில இடிச்சுட்டாங்க, மாமா" என்றாள் மருமகள், யாரும் கேட்காமலே.

ஆகஸ்டுக்கு முகம் சிவந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அந்த ஊரில் அவர் தாத்தா காலத்திலிருந்து மரச்சாமான் கடை நடத்தும் குடும்பம். கடை வாசலில் தொங்கும் பெயரில் இன்றுவரை ஒரு களங்கம் ஒட்டியதில்லை. அந்த வீட்டு மருமகள், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பெண்களும் பெண்களும் முட்டி மோதும் ரோலர் டெர்பியில் சேர்ந்திருக்கிறாள். அடிபட்ட உடம்பை இப்போது ஊரே வேடிக்கை பார்க்கிறது.

கார் நிறுத்துமிடத்தில் மகன் கர்ட் அவரைத் தனியே அழைத்தான். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா, அப்பா. அந்தக் கும்பலோட சேந்ததுலேர்ந்து எதுத்துப் பேசறா. நீங்களே போய் நிறுத்திட்டு வாங்க."

"நம்ம பேரு சம்பந்தப்பட்ட விஷயம். நான் பாத்துக்கறேன்."

அடுத்த பயிற்சி நாளன்று டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். கர்ட்தான் ஸ்கேட்டிங் கூடத்து வாசலில் கொண்டுவந்து விட்டான். அவன் காரிலேயே காத்திருந்தான்.

உள்ளே விசில் சத்தம் காதைத் துளைத்தது. பயிற்சி கொடுக்கும் பெண் சக்கரத்தில் உருண்டு வந்து அவர் முன் நின்றாள். சட்டை முதுகில் 'புல்டோசர் பெர்த்தா' என்று அவளுடைய ஆட்டப் பெயர் எழுதியிருந்தது.

"ஸ்கேட் வேணுமா, பெரியவரே? உங்க கால் அளவுக்கும் இருக்கு."

"நான் ஆட வரல. ஆகஸ்ட் டிரெஸ்லர். டெலியாவோட மாமனார்."

"அப்ப முதல்ல கையக் குடுங்க. வந்த புதுசுல நிக்கவே நடுங்கினா. இப்பப் பாருங்க அவள."

தரையை ஆரஞ்சு நிறக் கூம்புகள் இரண்டாகப் பிரித்திருந்தன. ஒரு பக்கம் பெண்கள் தோளோடு தோள் மோதிச் சரிந்துகொண்டிருந்தார்கள். மறுபக்கம் டெலியாவும் இன்னும் சிலரும் தள்ளித் தள்ளி நின்று, விழுந்து எழப் பழகிக்கொண்டிருந்தார்கள். டெலியா முட்டிபோட்டு விழுந்தாள், சறுக்கினாள், எழுந்தாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் வீட்டில் கேட்டதில்லை. கல்யாணமானவளுக்கு இது என்ன விளையாட்டுத்தனம் என்றுதான் நினைத்தார்.

அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. தடுப்புக் கம்பிவரை வந்தாள்.

"கர்ட் அனுப்பினாரா, மாமா?"

"என்னை யாரும் அனுப்ப முடியாது. பையை எடு, கிளம்பு."

"இத ஒண்ண மட்டும் எங்கிட்டேர்ந்து பறிச்சுடாதீங்க, மாமா. இங்க இருக்கற நேரந்தான் நான்…" முடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். பெஞ்சில் போய் உட்கார்ந்து ஸ்கேட் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

பெர்த்தா குறுக்கே வந்தாள். "அவ என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளையா? அவ விளையாடறதும் விடறதும் அவ இஷ்டம்."

"அவ எங்க போனாலும் எங்க பேரும் கூடவே போகுது. வாய்க்கு வந்த பேர முதுகுல எழுதிக்கிற உங்களுக்கு அதெல்லாம் புரியாது."

"இந்தப் பேரும் சும்மா கிடைச்சுடாது, பெரியவரே. பரீட்சையில தேறணும். உங்க மருமக இன்னும் தேறல. அதனால பயப்படாதீங்க, உங்க கடைப் பேரு பத்திரமா இருக்கு."

கேலி சுட்டது. ஆகஸ்ட் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எங்க வீட்டு ஆம்பளைங்க யாரும் பொம்பளை மேல கை ஓங்கினது கிடையாது. என் அப்பா ஓங்கல, நான் ஓங்கல. அப்படி நாங்க வச்சுக் காப்பாத்தற பொண்ண, விளையாட்டுன்னு சொல்லி நீங்க கன்னிப்போக அடிச்சு அனுப்பறீங்க. தோள்ல அடி, முதுகுல அடி. போன மாசம் கழுத்துல."

பெர்த்தாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "கழுத்துலயா?"

"ஆமா. துணியச் சுத்திக்கிட்டே அலைஞ்சா. ஊர்ல எவன் முகத்தையும் நிமிந்து பாக்க முடியல எனக்கு. எவ அடிச்சான்னு இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும். அவ இங்கயே, என் கண்ணு முன்னாடி, என் மருமக கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

வெளியே கர்ட்டின் கார் ஹாரன் நீளமாக ஒலித்தது. பெஞ்சில் டெலியாவின் கை நாடாவிலேயே உறைந்து நின்றது.

பெர்த்தா அவளைப் பார்த்தாள். பிறகு மெல்ல உருண்டு போய், டெலியாவுக்கும் வாசற்கதவுக்கும் நடுவே நின்றுகொண்டாள்.

"பரீட்சை தேறற வரைக்கும் புதுசா வந்தவங்க மேல இங்க யாரும் மோதக் கூடாதுங்கறது சட்டம், ஐயா" என்றாள் தணிந்த குரலில். "டெலியாவ இங்க இன்னும் ஒருத்தரும் தொட்டதே இல்ல."