நாலாவது மாடி விசில்

நாலாவது மாடியில் நான் ஊதிய விசிலுக்கு, தரைத்தளத்தில் தோசை தின்றுகொண்டிருந்த ஜெபமணி சடன் பிரேக் போட்டார். நான் கண்டக்டராக இருந்த பஸ்ஸை இருபது வருடம் ஓட்டியவர் அவர்.

அதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்: "நான் எங்கவே பிரேக் போட்டேன்? உம்ம வாய்க்கொழுப்புக்கும் சேர்த்து மாத்திரை கேளும்!"

கொழுப்பு மாத்திரைதான் விஷயமே. சென்ற வருடம் நுரையீரல் நோய் முற்றி மூன்று முறை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை மூச்சுத்திணறலைத் தடுக்காது என்று பெரிய ஆராய்ச்சிகள் கையை விரித்திருந்தன. ஆனால் சிலருக்கு மட்டும் பலிக்கலாமாம்; அதனால் இப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி ஆராய்ச்சி. மாதம் ஒரு டப்பா வரும். சிலவற்றில் நிஜ மாத்திரை, சிலவற்றில் வெறும் மாவு. எதில் எது என்று டாக்டருக்கே தெரியாது. எந்த மாதம் எது என்று எழுதி ஒட்டிய உறையை வருடக் கடைசியில் பிரிப்பார்கள். எனக்குப் பலனில்லை என்றால் மாத்திரை நின்றுவிடும். வேறு வழியில்லை, மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க, தினமும் காலையில் பழைய விசிலை ஊதினேன். தினமும் ஊதுகிறேன் என்ற என்னைப் பொய்யனாக்கவே, விசில் கேட்காத நாட்களை ஜெபமணி காலண்டரில் சுழித்துவைத்தார்.

நேற்று அதையும் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தார். டாக்டரம்மா உறையைப் பிரித்து மாவு மாதங்களைப் படித்தார்: "மார்ச், ஜூன், ஜூலை, அக்டோபர்."

ஜெபமணி காலண்டரைப் புரட்டினார். சுழியெல்லாம் அந்த நாலு மாதத்தில்தான் இருந்தது.

"மற்ற மாதங்களில் விசில் நன்றாகக் கேட்டதா?"

ஜெபமணி என்னைப் பார்க்காமல் தலையைச் சொறிந்தார்.

"கேட்டுச்சு டாக்டரம்மா. பிரேக் போட்டதும் நெசந்தான். கால் பட்டு சாம்பார் கிண்ணம் கவுந்துட்டு."