பதினாலாவது ஓட்டை

"சுவர்ல புதுசா ஒரு ஓட்டை விழுந்தாலும் வேலையை நிறுத்திடுவேன்" என்றபடியேதான் அந்தத் தொல்லியல் துறை அதிகாரி வீட்டுக்குள் நுழைந்தார்.

இருநூறு வருஷக் கட்டடம். 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' என்று வாசலில் பலகை. மாடியில் குடியிருக்கும் மருமகளுக்கோ ஒரே ஒரு ஆசை. வயரிங்கை மாற்றும்போது, மாமனார் அறை சுவிட்சைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அது அவருக்கு எட்டுவதில்லை. பொழுது சாய்ந்தால், யாராவது வரும்வரை இருட்டுதான்.

"சார், ஒரே ஒரு சுவிட்ச்..."

"பழைய ஓட்டை இருந்தா அதுல என்ன வேணா மாட்டிக்கோங்க. புது ஓட்டை கூடாது. சட்டம்."

"சட்டத்துக்கென்ன, அதுவா இருட்டுல உக்காந்திருக்கு?" என்று முணுமுணுத்தாள்.

அதிகாரி அறை அறையாகப் போய், ஆணி பிடுங்கிய இடத்தைக்கூட விடாமல் எண்ணி எழுதினார்.

"அடுத்து என் மூக்கு ஓட்டையையும் எண்ணுவார்க்கா" என்றான் எலக்ட்ரீஷியன், அவள் காதோரம்.

மாமனார் அறையில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிகாரி டேப்பை உருவி, அதன் நுனியை மாமனாரிடம் நீட்டினார்.

"பெரியவரே, கதவோரமா வாங்க. இதைச் சுவர்ல வெச்சுப் பிடிங்க. எம்ப வேண்டாம், கை தானா எங்க போகுதோ அங்க."

"நடக்க முடியாதவரைப் போய் எடுபிடி வேலை வாங்குறீங்களே!"

"விடும்மா. மூணு வருஷத்துல இன்னிக்குத்தான் ஒருத்தர் எனக்கு வேலை கொடுத்திருக்கார்" என்று சிரித்தார் மாமனார்.

அதிகாரி டேப்பைத் தரைவரை இழுத்துப் பார்த்து, ஏதோ குறித்துக்கொண்டார். பட்டியலில் கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், விறுவிறுவென்று படி இறங்கிவிட்டார்.

எலக்ட்ரீஷியன் பட்டியலைப் புரட்டினான்.

"ஏற்கெனவே உள்ள ஓட்டைகள், பதினாலு... கூடவே நானும் எண்ணினேனே அக்கா, பதிமூணுதானே இருந்துச்சு?"

"பதினாலாவது எங்கன்னு போட்டிருக்கு?"

"பெரியவர் அறை. கதவுக்கு வலப்பக்கம். தரையிலிருந்து ரெண்டே முக்கால் அடி."

அவள் ஓடிப்போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது.

"இங்க ஓட்டையே இல்லையே!"

எலக்ட்ரீஷியன் ட்ரில்லிங் மெஷினை எடுத்தான். அவன் முகமெல்லாம் பல்.

"இருக்குக்கா. நான்தான் இன்னும் போடலை."