ஈரத்தில் வைத்த பெருவிரல்

பொங்கியண்ணன் பட்டறைக்கு வந்தபோது, மகன் தரணியின் ஸ்போர்ட்ஸ் கார் பாதி நீலம் உரிந்து, அடியிலிருந்த சிவப்பு தெரிய நின்றது. வாங்குகிறவனுக்குப் பழைய சிவப்புதான் வேண்டுமாம். போன ஆடியில் இங்கேதான் தரணி ஆசை ஆசையாக அந்த நீலத்தை அடிக்க வைத்தான். வேண்டாதபோது தோலாட்டம் உரித்துவிடலாம் என்றான்.

“உரிஞ்சு வர்றதெல்லாம் ஒரு பெயிண்டாடா? எவனோ உன்ற தலையில மொளகா அரைச்சிருக்கான்” என்று அன்று பொங்கியண்ணன் சொல்லி, ஈரம் காயாத கதவில் பெருவிரலை அழுத்திப் பார்த்தார். தடம் விழுந்துவிட்டது.

“கொழந்தையாட்டப் பண்றீங்களேப்பா!” என்று கத்திய தரணி, பிறகு சிரித்துக்கொண்டே பக்கத்தில் தன் பெருவிரலையும் பதித்தான். “சோடியா இருக்கட்டும், போங்க.”

மார்கழியில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தான்.

“கதவுல இருக்கறத மட்டும் கிழிக்காம எடு. எனக்கு வேணும்” என்றார் இப்போது பட்டறைக்கார ரபீக்கிடம்.

“இழுத்தாத்தானுங்க வரும்.”

இழுத்தான். நீலம் ரப்பராக நீண்டது. தடங்கள் இரண்டும் நீண்டு மறைந்தே போயின. “டேய், டேய்!” என்றார் பொங்கியண்ணன். கதவை விட்டுக் கழன்றதும் சுருங்கித் தடங்கள் திரும்பி வந்தன.

ரபீக் அதைச் சுருட்டிக் கையில் கொடுத்தான். விரித்தார். எது மேல், எது கீழ் என்று பிடிபடவில்லை. ஒரு தடத்தில் பெருவிரலை வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. மற்றதிலும் வைத்தார். அதுவும் அப்படியே பொருந்தியது.

“டேய் ரபீக்கு” என்றார். “இதுல எம்பையன் எதுடா?”