மேலேறி வந்த குழவி

ஆறு மண்ணைச் சுமக்கும் விதத்தை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. களிமண் கலங்கி மிதந்தே கடல்வரை போய்விடும். மணல் துள்ளித் துள்ளிப் போகும். கல் அடியில் உருளும்; வேகம் குறைந்தால் முதலில் நின்றுவிடுவதும் கல்தான்.

போன மழைக்காலத்தில் மித்தி ஆறு தாராவிக்குள் ஏறியபோது, பக்கத்து வீட்டு அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டு போனது. தன் குழவியைப் பிடிக்கப் பாய்ந்த வெயிலுமுத்து அண்ணன் திரும்பவில்லை.

இந்த வருஷமும் வெள்ளம் வந்து வடிந்தது. அண்ணன் மனைவி பேராச்சி மயினி, நெருளில் தங்கை வீட்டோடு போய்விடப் பையைக் கட்டியிருந்தாள். சேறு வார நான் போனேன்.

"ஏல காசி, ஓடியா! குழவி வந்துட்டு!"

வாசல்படியில் கிடந்தது.

"கடல் ஏத்தம் ஆத்தைப் பின்னால தள்ளும் மயினி. ஆனா சேத்தைத்தான் கொண்டாரும். கல்லை ஏத்துத தெம்பு அதுக்கு இல்ல. இது வேற யாருதோ."

"ஒன் பாடத்தை அப்புறம் நடத்து. உங்க அண்ணன் கொத்து எனக்குத் தெரியாதா?"

அண்ணனுக்கு அம்மி கொத்துகிற தொழில்; இடக்கைக்காரர். அவர் உளி போட்ட குழிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். இதிலும் அப்படித்தான் இருந்தன. உருண்டு வந்த கல்லில் அவை மழுங்கியிருக்க வேண்டும். ஒன்றுகூட மழுங்கவில்லை.

மயினி சிரித்துக்கொண்டே பையை அவிழ்த்தாள். "நெருளாவது ஒண்ணாவது! தேங்காயை உடை. அவருக்குத் துவையல் அரைக்கணும்."

குழவியைத் தூக்கினேன். வெள்ளம் முதலில் அடித்துப் போவது தூளைத்தான். குழிகளுக்குள் இருந்த, உளி போடும்போது உதிரும் வெள்ளைக் கல்தூள், காய்ந்தபடியே, என் விரலில் ஒட்டியது.